சொந்த டெக்னீஷியன்களா, சப்-கான்ட்ராக்டா: வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஏசி, குளிர்ப்பதன சர்வீஸ் நிறுவனம் ஒன்று. சொந்தச் சம்பளத்தில் எட்டு டெக்னீஷியன்கள், வெளியே நான்கு சப்-கான்ட்ராக்ட் குழுக்கள். சீசனில் எல்லோரையும் இறக்கினாலும் வேலை மாளவில்லை. சீசன் முடிந்தால் சொந்த ஆட்கள் கடையில் உட்கார்ந்திருக்க, பழக்கதோஷத்தில் வேலை வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ரிப்பீட் கம்ப்ளைன்ட் கூடிவிட்டது. "நல்ல வேலையெல்லாம் அவர்களுக்குத்தான்" என்று இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது, எந்த விகிதத்தில்?

நான் பல வருடம் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைட் சைட்டாக அலைந்துவிட்டு, அப்புறம் வேலை பிரித்துக் கொடுக்கும் மேசைக்கு வந்தவன். விகிதத்தை முதலில் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எழுபதுக்கு முப்பது என்று யாராவது எண் சொன்னால், அது அவருடைய கம்பெனியின் எண். உங்களுடையது வேலையின் தன்மையிலிருந்து தானாக வரும்.

முதலில் கணக்கைச் சரிசெய்துவிடலாம், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். சொந்த டெக்னீஷியனின் ஒரு மணி நேரச் சம்பளத்தையும் சப்-கான்ட்ராக்டரின் ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வெளியே கொடுத்தால் இவ்வளவு அதிகமா!" என்பார்கள். வாரம் 40 மணி என்றால் வருடத்துக்கு 2,080 மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். விடுமுறை, விடுப்பு எல்லாமாக 25 நாள் போனால் 200 மணி நேரம் குறையும். உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி என்று இன்னொரு 80. மிச்சம் 1,800. இதில் பயணம், பார்ட்ஸுக்குக் காத்திருப்பது, சாவிக்காக வாட்ச்மேனைத் தேடுவது, பேப்பர் வேலை என்று 30 சதவீதம் கழிந்தால், கருவி கையில் இருக்கும் நேரம் 1,260 மணிதான். மணிக்கு 100 என்று நீங்கள் நினைத்த ஆள் உண்மையில் 165. வண்டி, கருவி, காப்பீடு, மேற்பார்வை இதில் சேரவில்லை.

ஆனால் இந்த 165-ஐ வைத்து நாளைக் காலை வேலையைப் பிரிக்கக் கூடாது. இரண்டு வேறு முடிவுகள் இருக்கின்றன. அடுத்த வருடம் இன்னொரு ஆளைச் சேர்ப்பதா என்பது ஒன்று. அதற்கு முழுக் கணக்கு வேண்டும். நாளைக்கு இந்த ஜாப் கார்டை யாரிடம் நீட்டுவது என்பது இன்னொன்று. சம்பளம் எப்படியும் போகப்போகிறது. ஆள் சும்மா இருக்கும்போது வெளியே கொடுத்த வேலைக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள். சீசன் இல்லாத மாதங்களில் உங்களிடம் நடப்பது இதுதான். முதல் முடிவுக்கான எண்ணை இரண்டாவதற்கும், இரண்டாவதற்கான எண்ணை முதலாவதற்கும் மாற்றிப் போட்டே பல நிறுவனங்கள் லாபத்தைத் தொலைக்கின்றன.

வெளி ஆட்களின் ரேட்டிலும் மறைந்த செலவு உண்டு. வேலையைப் போய்ப் பார்த்து அளப்பது, பில்லைச் சரிபார்ப்பது, கொடுத்த காப்பர் பைப்பில் எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்பது, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாவது தடவை போய் வருவது. ரிப்பீட் கம்ப்ளைன்ட்டுக்குப் போன மணி நேரத்தை முதலில் செய்தவர் கணக்கில் எழுதிப் பாருங்கள். மலிவு என்று நினைத்த குழு மலிவில்லை என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். சில சமயம் நேர்மாறாகவும் தெரியும். அதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருங்கள்.

சரி, பிரிப்பதற்கு வருவோம். ஒரு வேலை வரும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: முடிந்தபிறகு இந்த இடத்துக்கு நாம் மறுபடி போக வேண்டியிருக்குமா? போனால், முதல் தடவை போனவருக்குத் தெரிந்த விஷயம் இரண்டாவது தடவைக்கு உதவுமா? ஆம் என்றால் சொந்த ஆட்கள். வருடாந்திரப் பராமரிப்பு, பிரேக்டவுன், வந்து வந்து போகும் கோளாறு, பத்து வருடப் பழைய சில்லர் (பெரிய கட்டடங்களுக்கான குளிர்விப்பு மெஷின்) எல்லாம் இதில் வரும். அந்த மெஷின் எந்த வெயிலில் டிரிப் ஆகும், மெஷினுக்குள் இருக்கும் எந்தக் காண்டாக்டர் சுவிட்சை ஏற்கெனவே மாற்றியிருக்கிறோம், கட்டடத்தின் மின் அழுத்தம் எப்போது இறங்கும் என்பதெல்லாம் ஒரு ஆளின் தலையில்தான் இருக்கிறது. அந்தத் தலை உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

முடிந்ததும் கைகழுவிவிடக்கூடிய வேலை, வரைபடம் பார்த்து அளந்து எண்ணிக் கொடுக்கக்கூடிய வேலை, வெளியே போகலாம். புது யூனிட் மாட்டுவது, டக்ட் வேலை, பைப் இழுப்பது, இன்சுலேஷன், கிரேன் வைத்துத் தூக்குவது. வருடத்தில் நாலு தடவை மட்டும் தேவைப்படும் தனித் திறமையும் அப்படித்தான். அதற்காக ஒருவரைச் சேர்த்து வைத்தால் அவர் கை மறந்துவிடும்.

ரயில் பாதை விஷயத்தில் பிரிட்டன் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. தனியார்மயத்துக்குப் பிறகு தண்டவாளங்களின் உரிமை ரெயில்டிராக் என்ற நிறுவனத்திடம் இருந்தது. பராமரிப்பு முழுக்க ஒப்பந்தக்காரர்களிடம். 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டு அருகே விரிசல் விட்டிருந்த தண்டவாளம் சிதறி, ஓடிக்கொண்டிருந்த ரயில் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் தண்டவாளம் மோசமாக இருக்கிறது என்பது முன்பே தெரியும். தெரிந்தது ஒருவருக்கு, செய்ய வேண்டியது இன்னொருவர், முடிவெடுக்க வேண்டியது மூன்றாமவர். விபத்துக்குப் பிறகு, வேறு எங்கெல்லாம் இதே மாதிரி விரிசல் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் நிலையில் அந்த நிறுவனம் இல்லை. நாடு முழுக்க வேகக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. அதன் இடத்துக்கு வந்த நெட்வொர்க் ரெயில், 2003 அக்டோபரில் பராமரிப்பு முழுவதையும் சொந்த ஆட்களிடம் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. ஆனால் பழைய பாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் வேலையை அப்போது ஒப்பந்தக்காரர்களிடமே விட்டது. எனக்கு இதில் பிடித்த பகுதி அதுதான். கோபத்தில் எல்லாவற்றையும் உள்ளே இழுக்கவில்லை. எந்த வேலை ஞாபகத்தைக் கேட்கிறதோ அதை மட்டும் இழுத்தார்கள்.

அடுத்தது எத்தனை பேர் என்பது. கடந்த வருடத்தின் 52 வாரங்களையும் எடுத்து, சொந்த ஆட்களுக்கு உரிய வேலை மட்டும் ஒவ்வொரு வாரமும் எத்தனை மணி நேரம் இருந்தது என்று எழுதுங்கள். அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து 40-ஆவது வாரத்தில் இருக்கும் அளவு, வருடத்தில் 40 வாரமாவது உங்களுக்கு நிச்சயமாக இருக்கும் வேலை. மின் நிலையங்களில் அடிப்படைச் சுமைக்கு ஒரு வகை ஆலை, உச்ச நேரத்துக்கு இன்னொரு வகை என்று வைத்திருப்பது போலத்தான். அந்த 40-ஆவது வாரத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் சொந்த ஆட்கள். அதற்கு மேல் எழும் மலைக்கு வெளி ஆட்கள். 40 என்பது வேதவாக்கு இல்லை, 35 என்று வைத்தாலும் பெரிய தவறில்லை. உச்ச வாரத்துக்கு ஆள் எடுப்பதும், அடிமட்ட வாரத்துக்கு ஆள் வைப்பதும்தான் தவறு.

சொந்த ஆட்களின் நாளை முழுக்க நிரப்பிவிடவும் கூடாது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் என்ற கணிதவியலாளர் 1909-இல் தொலைபேசி அழைப்புகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். வரிசையில் காத்திருப்பது பற்றிய கணிதமே அங்கிருந்து வளர்ந்ததுதான். அதன் மிக எளிய வடிவத்தில், ஒரே ஆள், அழைப்புகள் எப்போது வேண்டுமானாலும் வரும் என்று எடுத்துக்கொண்டால், அவர் நாளில் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு வேலைக்கான நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95-இல் 19. எட்டுப் பேர் இருந்தால் இவ்வளவு மோசமாகாது, ஆனால் கோடு அதே மாதிரிதான் கடைசியில் செங்குத்தாக ஏறும். பிரேக்டவுன் பார்க்கிறவர்களை 80, 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மிச்சத்தை "சும்மா இருக்கிறான்" என்று முதலாளி பார்த்தால், அந்த நேரத்தில் வெளி ஆட்களின் வேலையைச் சோதிக்கப் போகிறான் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே போக வேண்டும்.

அந்தச் சோதனைதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. வெளிக் குழுவுக்கு யூனிட் கணக்கில் பணம். சீக்கிரம் முடித்தால் அடுத்த யூனிட். குழி பறிக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலை முதலில் சுருங்கும். பைப்பைப் பிரேசிங் செய்து, அதாவது சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டும்போது, உள்ளே நைட்ரஜனை மெதுவாக ஓடவிட வேண்டும். விடாவிட்டால் உள்சுவரில் கருப்புப் படலம் படியும். வெளியே பார்க்க ஜாயின்ட் பளபளவென்று இருக்கும். அந்தப் படலம் உதிர்ந்து ஸ்ட்ரெய்னரையோ எக்ஸ்பான்ஷன் வால்வையோ அடைப்பது மாதங்கள் கழித்து. அதற்குள் பில் பாஸ் ஆகி, குழு வேறு ஊருக்கே போயிருக்கும். கேஸ் விடுவதற்கு முன் பைப்பிலிருந்து காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்கும் வாக்குவமும் அப்படித்தான். பம்பை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு கேஸைத் திறந்தால் அன்றைக்கு மெஷின் குளிரத்தான் செய்யும். ஈரம் உள்ளே இருந்து ஆயிலைக் கெடுப்பது பிறகுதான்.

அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். மாட்டுவது வெளி ஆட்கள். சோதித்து முதல் தடவை ஓட்டிப் பார்ப்பது நம் ஆட்கள். இன்சுலேஷன் மூடுவதற்கு முன்னால் நைட்ரஜன் அழுத்தம் ஒரு முழு நாள் இறங்காமல் நிற்கிறதா என்று நம் டெக்னீஷியன் பார்ப்பார். வாக்குவம், அதை அளக்கும் மைக்ரான் கேஜில் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் அடுத்த தவணை போகாது. இந்த ஒரு ஏற்பாட்டில் மூன்று காரியம் முடிந்தது. ரிப்பீட் குறைந்தது. நாளைக்குப் பராமரிக்கப் போகிற ஆள் அந்த மெஷினைப் பிறந்த அன்றே பார்த்துவிட்டார். மூன்றாவது, முணுமுணுப்பு.

முணுமுணுப்பைப் பற்றி ஒரு கதை. எங்களிடம் மூத்த டெக்னீஷியன் ஒருவர், பதினைந்து வருட அனுபவம். ஒரு நாள் ஜாப் கார்டை மேசையில் வைத்துவிட்டு, "புது மெஷின் எல்லாம் வெளியாளுக்கு, ஓட்டை மெஷினும் நடுராத்திரியும் எங்களுக்கா?" என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். நாலு மாதத்தில் வேலையை விட்டார். அடுத்த சீசனில் தனக்குக் கீழே இரண்டு பேரை வைத்துக்கொண்டு சப்-கான்ட்ராக்டராக என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தார், இரண்டு மடங்கு ரேட்டோடு. கொடுத்தேன், வேறு வழி? பிழை என்னுடையது. சொந்த ஆட்களுக்குக் கடினமான வேலைதான் போகும் என்பது இந்தப் பிரிவினையின் இயல்பு. அப்படியானால் அதற்கான மரியாதையும் கூலியும் போக வேண்டும். சோதித்துக் கையெழுத்திடும் அதிகாரம் அந்த மரியாதையில் ஒரு பகுதி. பெரிய நிறுவல் வேலைகளில் வருடத்துக்கு ஒன்றிரண்டை முழுக்கச் சொந்த ஆட்களுக்கே கொடுப்பது இன்னொன்று. கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அந்தக் கை வழக்கம் விட்டுப்போனால், வெளியாள் செய்தது சரியா என்று சொல்லும் தகுதியும் சேர்ந்தே போய்விடும்.

வெளி ஆட்கள் பக்கத்துக் குறையையும் கேளுங்கள், அதில் நியாயம் அதிகம். சீசனில் எல்லோரும் அதே குழுக்களைத்தான் கூப்பிடுவார்கள். அவர் யாரிடம் போவார்? ரேட் அதிகம் கொடுப்பவரிடம் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை, போன வருடம் பில்லை இழுத்தடிக்காதவரிடமும், வேலையில்லாத மாதத்தில் ஞாபகம் வைத்துக் கூப்பிட்டவரிடமும்தான் முதலில் போவார். தள்ளிப்போடக்கூடிய வேலைகளை, அதாவது பழைய யூனிட்டை மாற்றுவது, டக்ட் சீர்செய்வது போன்றவற்றை, வேண்டுமென்றே ஓய்வான மாதங்களுக்கு நகர்த்தி அவர்களுக்கு ஒதுக்குங்கள். நான்கு குழுக்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தூவினால் யாருக்கும் நீங்கள் முக்கியமில்லை. இரண்டு குழுவுக்கு நிறையக் கொடுத்து, மூன்றாவதைக் கை விட்டுப்போகாமல் வைத்திருப்பது நல்லது. ஒரே குழுவை மட்டும் நம்புவது வேண்டாம். அவர் காய்ச்சலில் படுத்தால் நீங்களும் படுப்பீர்கள்.

பிடித்தம் என்று பில்லில் ஐந்து, பத்து சதவீதம் நிறுத்தி வைப்பது வழக்கம்தான். ஆனால் எந்தத் தேதியில் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று எழுதி, அந்தத் தேதியில் அவர் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்க வேண்டியிருந்தால், அடுத்த ரேட்டிலேயே அதைச் சேர்த்துவிடுவார். ரிப்பீட் வந்தால் யார் செலவு என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும்: இத்தனை நாளுக்குள் வேலைக் குறை என்றால் அவர் செலவு, பார்ட் குறை என்றால் நம் செலவு, சந்தேகம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது.

தகவல் கைமாறுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று நடந்தது தெரிந்திருக்கலாம். மாற்றுப் பம்பு ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். வேலை அன்று முடியவில்லை, குழாய் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். இரவு ஷிப்டுக்கு அது போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்றதும் அந்தப் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். நம் வேலை அந்த அளவுக்கு ஆபத்தானதில்லை. ஆனால் "பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டுப் போனது யார், ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஆன் செய்த கை எங்கள் தொழிலிலும் உண்டு. எனவே ஜாப் கார்டு ஒன்றேதான், சொந்த ஆளுக்கும் வெளியாளுக்கும். பாதி வேலை என்றால் எது பாதி, எது கழற்றிக் கிடக்கிறது, எது பூட்டப்பட்டிருக்கிறது என்று மெஷின் மேலேயே அட்டை தொங்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் செய்தி அட்டைக்கு மாற்று ஆகாது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. வெளியாளுக்கு உங்கள் சீருடை, உங்கள் கருவி, நீங்கள் வைத்த நேரம், வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை, மாதாமாதம் ஒரே தொகை என்று கொடுத்துக்கொண்டே போனால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர் உங்கள் ஊழியர்தான் என்று ஒரு நாள் யாராவது சொல்லக்கூடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டு 198-ஆம் பரிந்துரை, காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறது. பல நாட்டுச் சட்டங்களும் அந்தப் போக்கில்தான். எவ்வளவு வேலை என்று உறுதி கொடுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், யாரை அனுப்ப வேண்டும் என்பதை அவரிடம் விடுங்கள். முடிவு தேதியும் தரமும் மட்டும் உங்களுடையது. காப்பீட்டுச் சான்று, லைசென்ஸ் இரண்டின் காலாவதித் தேதியையும் கேட்டு வாங்கிக் குறித்துவையுங்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிக்கொள்வது நல்லது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? கடந்த மூன்று மாத ரிப்பீட் கம்ப்ளைன்ட் கார்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் போனது யார், என்ன செய்தார், இரண்டாவது போனவர் என்ன பார்த்தார் என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். அந்தத் தாளோடு உங்கள் மூத்த டெக்னீஷியனையும் வெளிக் குழுத் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். முதல் கால் மணி நேரம் சண்டை நடக்கும், நடக்கட்டும். அதற்கப்புறம் எந்தெந்த வேலை இடம் மாற வேண்டும் என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். நான்கு குழுக்களில் ஒன்றை விட வேண்டி வரலாம், எட்டுப் பேரை ஒன்பதாக்க வேண்டியும் வரலாம். 52 வாரப் பட்டியலைப் பார்க்காமல் அதை மட்டும் சொல்ல முடியாது.